அரை நிமிடம் பிந்தி வந்த விக்கெட்

என் பாசத்துக்குரிய அருள் அண்ணே,

பேசிட்டேன் அண்ணே, மைக்கில் பேசிட்டேன், வடமதுரைக்குப் பக்கத்தில் குளத்து கிரவுண்டில், உங்கள் பெயரில் நடந்த மேட்சில், முதல் பந்திலிருந்து கோப்பை கொடுக்கிற வரைக்கும் நானே பேசிட்டேன்!

இதை உங்கள் கல்லறைக்கு வந்துதான் சொல்ல நினைத்தேன். பக்கத்துக் கல்லறைக்கு யாராவது வந்திருந்தால், தனியாகப் பேசுகிற என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். பாருங்கள், இன்னும் முழுசாகத் திருந்தவில்லை. அதனால் நம் ரசிகர் பேஜிலேயே எழுதுகிறேன்.

உங்களைத் தெரியாத யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் டோர்னமென்ட் எங்கே நடந்தாலும் வர்ணனை அருள் அண்ணன்தான். "போயிருச்சு, போயிருச்சு, பனமரத்தத் தாண்டிப் போயிருச்சு! ஏலே அப்பு, பந்த எடுக்கப் போறவன் அப்படியே ரெண்டு நுங்கும் பறிச்சுட்டு வா!" இதை லைவில் கேட்கவே நான் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடையில் ஒரு காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பேன். போனிலேயே எடிட்டிங் கற்றுக்கொண்டு, உங்கள் பேச்சை வெட்டி வெட்டிப் பேஜில் போட்டதும் நான்தான். நெஞ்சுவலி என்று நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு பேஜில் ஒன்றுமே போடவில்லை.

என் வியாதி உங்களுக்குத் தெரியும். முதன்முதலில் உங்களுக்கு மெசேஜ் அனுப்ப, 'அண்ணா' என்று எழுதுவதா 'அண்ணே' என்று எழுதுவதா என்று ஒரு காலைப் பொழுது முழுவதும் யோசித்தவள் நான். கடைக்காரர் "சாப்டியா?" என்று கேட்டால், ஏன் அந்தக் குரலில் கேட்டார் என்று சாயங்காலம் வரை மண்டைக்குள் ஓட்டிப் பார்ப்பேன்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் உங்கள் வீட்டம்மா ஸ்டெல்லா மதினி மெசேஜ் போட்டார்கள். "ஞாயித்துக்கிழமை நீ மைக்கப் பிடிக்கிறியா ஜெனி? வெளியூர் ஆளக் கூப்பிட்டா நம்ம பசங்களத் தெரியாது. நீயும் மாட்டேன்னா மைக்கே வேணாம்னு சொல்லிருவேன்."

உங்கள் பெயரில் ஒரு மேட்ச், அதுவும் சத்தமே இல்லாமலா? நினைக்கவே முடியவில்லை. ஆனால் பதில் எழுதவும் முடியவில்லை. எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். மத்தியானம் கடை வாசலில் மதினியின் ஸ்கூட்டி வந்து நின்றது.

"ஏண்டி, காலையில இருந்து டைப்பிங் டைப்பிங்னே காட்டுது. வரும் வரும்னு பாத்து சோத்தக் குழைய விட்டுட்டேன். அப்படி என்னத்தடி எழுதுற?"

"இல்ல மதினி... நான் சொதப்பிட்டா அண்ணே பேரு கெட்டுப் போயிருமேன்னு..."

"அவரு சொதப்பாததா?" மதினி சிரித்துவிட்டார்கள். "மேட்ச் முடிஞ்சு வந்தா சட்டகூட மாத்த மாட்டாரு. நேரா அடுப்படிதான். 'ஸ்டெல்லா, அந்தப் பயல மைக்குல ஆமைன்னு சொல்லிட்டேனே, மனசு நொந்திருப்பானோ? அவங்கப்பா கேட்டிருப்பாரோ?' இதேதான். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு."

"அருள் அண்ணனா?"

"பின்ன? நான் குக்கர வச்சிருவேன். மூணு விசில் வரைக்கும் பொலம்பிக்கங்க, அடுப்ப அணைச்சா நீங்களும் அணைஞ்சிரணும்னு சொல்லிருவேன். அவரு என்ன செய்வாருன்ற? விசில் வந்திரக்கூடாதுன்னு தீயக் கொறைச்சு வைப்பாரு!"

அண்ணே! நீங்களுமா? அம்புட்டுக் கூட்டத்துக்கு முன்னால் அத்தனை தைரியமாகப் பேசுகிற நீங்களா? என் மண்டையில் மட்டும்தான் ஏதோ கோளாறு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கடை வாசலில் நின்றபடியே எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தலுக்குள் மேசை போட்டு உட்கார வைத்தார்கள். முன்னால் போனில் நம் பேஜின் லைவ் வீடியோ ஓடியது. முதல் ஓவர் எப்படியோ போனது. அப்புறம் என் கண் கமெண்ட் பக்கம் போய்விட்டது. யார் வந்திருக்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள், யார் கிண்டல் செய்கிறார்கள்? கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது. சுற்றிக் கேட்ட சத்தம்கூட மண்டையில் ஏறவில்லை. போனில் ஸ்டம்ப் தெறிப்பதைப் பார்த்ததும் மைக்கில் அலறினேன்: "போல்டு! க்ளீன் போல்டு! ஸ்டம்ப்பு சிறுமலைக்கே போயிருச்சு!"

கிரவுண்டே திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரே சிரிப்பு. சட்டை காற்றில் உப்ப ஓடுவதால் நீங்கள் 'பாராசூட்' என்று பெயர் வைத்தீர்களே, அந்தக் கீப்பர் கத்தினான்: "ஏத்தா ஜெனி! அவன் அவுட்டாகிப் போயி மோரு குடிச்சுட்டு இருக்கான்! அடுத்தவன் வந்து நிக்கிறான் பாரு!"

லைவ் அரை நிமிடம் பிந்தி வரும் என்பதை ஊருக்கே சொல்லித் தருகிறவள் நான். கண்ணுக்கு முன்னால் கிரவுண்டு இருக்க, போனைப் பார்த்து வர்ணனை சொல்லியிருக்கிறேன்!

உடனே மண்டை ஆரம்பித்தது. போச்சு, இதை வெட்டி வீடியோவாகப் போடப் போகிறார்கள், மதினி முகத்தில் எப்படி முழிப்பேன் என்று. ஆனால் அண்ணே, அதற்குள் பவுலர் ஓடி வர ஆரம்பித்துவிட்டான். நான் வெட்கப்பட்டு முடிக்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். "மன்னிச்சுக்கங்க மக்களே, இவ்வளவு நேரம் போன்ல பாத்தேன், இனிமே நேர்ல பாக்குறேன்" என்றேன். கைதட்டினார்கள் அண்ணே. அந்தப் பந்து எங்கே போனது என்று நிமிர்ந்து பார்த்தேன், பார்த்ததைச் சொன்னேன். அடுத்த பந்தும் அப்படியே. வெயில் இறங்கியபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. மண்டைக்குள் இத்தனை அமைதியை நான் கேட்டதே இல்லை.

இத்தனை வருஷமும் இதைத்தானே செய்திருக்கிறேன்? நடந்து முடிந்ததை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்து, கண் முன்னால் நடப்பதைத் தவறவிட்டிருக்கிறேன். உங்களுக்கு இது எப்போது புரிந்தது? புரிந்த பிறகுமா தீயைக் குறைத்து வைத்தீர்கள்?

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மைக்கு" என்று ஒருத்தர் கமெண்ட் போட்டிருந்தார். சுருக்கென்றது. டீ குடித்தேன், வேலையைப் பார்த்தேன். அந்த யோசனை வந்தது, போயும் விட்டது. போகும் என்பதே எனக்குப் புதுசு. நேற்று கொடைரோட்டிலிருந்து ஒருத்தர் போனில், "எங்க மேட்சுக்கு வாரியாத்தா?" என்றார். "வாரேண்ணே" என்று சொல்லிப் போனை வைத்த பிறகுதான் என்ன மேட்ச், எப்போது என்று கேட்கவில்லையே என்று தோன்றியது!

உங்களுக்கு ஒரு வாக்கு, அண்ணே. வருஷா வருஷம் உங்கள் பெயரில் நடக்கும் மேட்ச் சத்தமில்லாமல் நடக்காது. தப்பாகச் சொல்வேன், திருத்திச் சொல்வேன், அடுத்த பந்துக்குப் போய்விடுவேன்.

இதைப் படிக்கிற மக்களே, இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். உங்களில் எழுதி எழுதி அழிக்கிறவர்கள் யாராவது இருந்தால் அடுத்த மேட்சுக்குக் கட்டாயம் வாருங்கள். ஒரு ஓவர் மைக்கை உங்கள் கையில் தருகிறேன். கீழே 'வாரேன்' என்று மட்டும் போடுங்கள், போதும். 'யோசிச்சுச் சொல்றேன்' என்று யாரும் போடாதீர்கள்.

நேற்றுவரை உங்கள் ரசிகை,
மதினி சொன்னதால் இன்றுமுதல் உங்கள் தங்கச்சி,
ஜெனி