வாளித் தண்ணீரும் இரண்டு வண்டியும்

ஞாயிறு. மேல்காற்று. கண்ணெல்லாம் மணல்.

கோடு ஏறி இறங்கும் என் எழுத்தை இந்த நோட்டுதான் பொறுத்துக்கொள்ள வேண்டும். அறுபத்தெட்டு வயதுக் கை. தோணிக் கயிறு பழக்கம், பேனா புதிது. ‘வண்டி’ எழுத வந்துவிட்டது! வண்டி. வண்டி. வண்டி. என்ன அழகு.

வீட்டில்தான் நிலைமை சரியில்லை. மனைவி மேரிக்குச் செவ்வாயும் வெள்ளியும் தூத்துக்குடியில் டயாலிசிஸ். போன வெள்ளி திரும்பும்போது பஸ்ஸில் மயங்கி விழுந்தாள். “இனி நான் போவல. பஸ்ஸுல விழுந்து சாவுறதுக்கு வீட்டுலயே கெடந்து சாவுதேன்.” சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

கார் வேண்டும். பழையதுதான் முடியும். ஓட்ட மகள் ஜெனோவா இருக்கிறாள்.

திங்கள். கடும் வெயில்.

திருச்செந்தூர் புரோக்கரிடம் இரண்டு வண்டி. பின் சீட்டில், மேரி உட்காரும் இடத்தில், வாளி நிறையத் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார்த்தோம்.

பச்சை: பெட்ரோல். கடல்காற்றுப் படாத சாத்தான்குளத்து வண்டி. சாவி திருப்பியதும் பிடிக்கிறது. பிரேக் கச்சிதம். பள்ளத்தில் தூக்கிப் போடுகிறது. அரை வாளி என் மடியில்.

புரோக்கர்: “அண்ணாச்சி, கார் பாக்க வந்தியளா, குளிக்க வந்தியளா?”

வெள்ளை: டீசல். மூன்றாம் தடவைதான் பிடித்தது. ஸ்டியரிங் கனம். ஆனால் அலையில்லாத கடலில் போவது போல. ஒரு கை தண்ணீர்கூடச் சிந்தவில்லை. இதுதான் என்றேன். பிறகு அடியில் படுத்து, தகரத்தைச் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு. மீன்பெட்டி சுமந்து துருப்பிடித்த வண்டி. அழுத்தினால் விரல் உள்ளே போகிறது.

“எப்பா, இது நடுவழியில நின்னா அம்மாவ வச்சிக்கிட்டு என்ன செய்ய?”

ஜெனோவா கேட்டது நியாயம். வாளியைக் கவிழ்த்துவிட்டு, எதையும் முடிக்காமல் திரும்பினோம்.

செவ்வாய். காற்றே இல்லை.

மேரி போகவில்லை. கெஞ்சினேன். ஜெனோவா அழுதாள். மதியம் கால் வீக்கம். அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. மூச்சு இரைப்பு. டாக்டர் போனில்: “நாளைக்குக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. தள்ளிப் போட்டா உயிருக்கு ஆபத்து.”

வேறு வழி தெரியாமல் இந்த நோட்டை எழுத்துக்கூட்டி அவளுக்கு வாசித்தேன். பச்சை நிற்காது, குலுக்கும். வெள்ளை குலுக்காது, நிற்கும். திரும்பிப் பார்த்தாள்.

“ஏன், நான் என்ன வாளியா, சிந்திப் போவ?”

“பின்ன ஒனக்குக் குலுங்குமே.”

“நாலஞ்சு நாளு தங்குகடலுக்குப் போனா ராத்திரி தோணியில எதுமேல படுப்பீங்க?”

வலைக் குவியல் மேல். எந்த அலையும் முதுகுக்குத் தெரியாது. இது எனக்குத் தோன்றவில்லையே.

புதன். லேசான மேகம்.

இரவே போனில் பேசி முடித்த பச்சை வண்டி விடிந்ததும் வந்தது. பின் சீட்டில் பழைய நைலான் வலையை மடித்துப் போட்டு, மேலே போர்வை, அவள் தலையணை. ஏறுவாளா? ஏறினாள். பழையகாயல் பக்கம் பள்ளம் வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“வலை நாறுது,” என்றாள். அவ்வளவுதான். வண்டி எங்கும் நிற்கவில்லை.

டயாலிசிஸ் முடிந்து திரும்பிவிட்டோம். வெள்ளிக்கிழமை வருவாயா என்று கேட்கப் பயம். கேட்கவில்லை. அடுத்த வாரம் இந்தப் பக்கத்தில் என்ன எழுத நேருமோ, எதுவானாலும் என் கையால் எழுதுவேன்.

இறங்கும்போது ஜெனோவா தலையணையை எடுக்கப் போனாள்.

“அது அங்கன கெடக்கட்டும்ளா,” என்றாள் மேரி.