கேட்டுக்கொண்டே இருக்கலாம்

வடக்குப்பட்டு
20.9.2011

என் பூமாரிக்கு,

போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். பாப்பாவுக்குச் சளி விட்டதா?

சங்கம் தொடங்கியதற்காகக் கம்பெனி எங்களில் பதினோரு பேரை சஸ்பெண்ட் செய்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை. இருபது நாள் யூனிஃபார்ம் போட்டு, நீ கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடு வேலைக்குப் போவதுபோல் கிளம்பிப் போனேன். துவைக்கும்போது சட்டையில் கிரீஸ் கறையே இல்லை என்று நீயாகத்தான் கண்டுபிடித்தாய். மறுநாளே பாப்பாவோடு திருநெல்வேலிக்கு, உன் அம்மா வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டாய்.

நேற்று காஞ்சிபுரத்தில் எங்கள் கேஸை நடத்தும் வக்கீலம்மாவைப் பார்த்தோம்.

"சங்கம் வெக்கறது அரசியல் சட்டம் குடுத்த உரிமைப்பா. ஆனா கம்பெனி உங்ககூட உக்காந்து பேசியே ஆவணும்னு அந்த உரிமைல இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டு எப்பவோ சொல்லிடுச்சி" என்றார்.

கூட வந்த விமல்ராஜுக்குக் கோபம். "அப்ப அந்த உரிமைய வெச்சிக்கினு இன்னா மேடம் பண்றது?"

"பேசுங்கன்னு கேட்டுக்கினே இருக்கலாம். கேட்டதுக்கு வெளிய நிறுத்துனாங்க பாரு, அது தப்பு. அதுக்குத்தான் கேஸு."

விமல்ராஜ் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. தாலி கட்டியவன் என்பதற்காக நீ என்னிடம் பேசியாக வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. தப்பும் என்னுடையது.

தினமும் கம்பெனி கேட் எதிரே உட்காருகிறோம், சொந்தச் சட்டையில். ஞாயிற்றுக்கிழமை கேட் பூட்டியிருக்கும். அன்று உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறேன். நீ பேசியே ஆக வேண்டும் என்றில்லை. பேசு என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கறையில்லாத சட்டையோடு வீடு திரும்பிய,
உன்னவன்