பஸ் ஸ்டாப்பில் தொங்கிய நாற்பது எழுத்து

அன்பு மகள் சுண்டுவுக்குச் சித்தப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் சித்தியும் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருப்பாய், நேற்று போனில் உன் சிரிப்பைக் கேட்டபோதே தெரிந்துவிட்டது. மூன்று ஆஸ்பத்திரிகள் உன் முறைப்படி மறுபடி செய்தி அனுப்ப ஆரம்பித்துவிட்டன என்று நீ சொன்னாய் அல்லவா, அதை முப்பது என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன், திருத்தாதே, எப்படியும் ஆகத்தானே போகிறது. நோயாளியின் விவரத்தை ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு அனுப்பினால் நடுவில் எவன் ஒட்டுக்கேட்டாலும் தவிடுதான் கிடைக்கும், அரிசி கிடைக்காது, இதுதான் என் மகளின் ஆராய்ச்சி என்று நான் விளக்கியதைக் கேட்டு நகராட்சி குமாஸ்தாவே வாயைப் பிளந்தார். கொட்டாவி விட்டார் என்கிறாள் உன் சித்தி. அவளுக்கு என்ன தெரியும்.

இந்தக் கடிதம் எழுதக் காரணம் வேறு. அன்றைக்கு வீடியோவில் உன் பேராசிரியர் அம்மா, பேனரில் ஏன் இத்தனை தையல் என்று கேட்டார்கள், நான் இங்கே இதுதான் புது டிசைன் என்று சொன்னேன். அது பொய். போனில் சொன்னால் நீ நடுவில் சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவாய், அதனால் எழுதிவிடுகிறேன்.

நீ அனுப்புகிற ஒவ்வொரு மெயிலின் கீழேயும் உன் பெயருக்கு அடியில் நாற்பது எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி இருக்கும். நான் எட்டாவதோடு நிறுத்தியவன், அதற்கு மேல் போயிருந்தால் பள்ளிக்கூடம் தாங்கியிருக்காது. அதெல்லாம் நீ வாங்கிய பட்டம் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டருக்கே நாலெழுத்துதான் போடுகிறார்கள், என் மகளுக்கு நாற்பது! அடித்தேன் பாரு நம் கடையிலேயே பத்தடிக்கு ஆறடி பேனர், நடுவில் உன் படம், அடியில் அந்த நாற்பதும் சிவப்பில். இத்தனை வருடத் தொழிலில் நான் அனுமதி வாங்கி வைத்த முதல் பேனர் அதுதான், உன் பெயரை அதிகாரி யாரும் கழற்றிவிடக் கூடாதே என்று நகராட்சிக்குப் போய் வரிசையில் நின்று மூலையில் தேதியோடு முத்திரை வாங்கினேன். பதினோரு நாள் பஸ் ஸ்டாப்பில் தொங்கியது. உனக்குப் படம் எடுத்து அனுப்பினேன், நீ வேலை மும்முரத்தில் ஒரு பூப்படம் மட்டும் திருப்பி அனுப்பினாய்.

பன்னிரண்டாம் நாள் வந்தார் உன் செல்போன் கடை மாமா, என் மச்சான், சும்மா வந்தாலே சனி. அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன மாமா, புள்ளையோட ரகசியச் சாவியப் போய் நடுரோட்ல தொங்க விட்டிருக்கீங்க! இதான் பூட்டுல போடுற நம்பரு. அவ படிச்ச படிப்பெல்லாம் போச்சு"ன்னு ஒரு குண்டைப் போட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் பேனரைக் கழற்றி நாலாகக் கிழித்துத் திசைக்கொன்றாக அனுப்பிவிட்டேன், ஒன்று சேர்ந்தால்தானே எவனும் படிப்பான் என்று. ஒன்று என் ஸ்கூட்டருக்கு உறை, ஒன்று மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, ஒன்று டீக்கடைக்குச் சாரல் மறைப்பு, முத்திரைத் துண்டு மட்டும் மெக்கானிக்குக்கு, காருக்கு அடியில் விரித்துப் படுக்க. இத்தனையும் செய்துவிட்டு உனக்கு மட்டும் மூச்சு விடவில்லை. பயம்தான் கண்ணு.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்து உன் போன். யாரோ ஒரு படுபாவி செய்தியைப் பூட்டி அனுப்புகிற உன் பூட்டு மாதிரியே, உன் பெயரிலேயே இன்னொரு பூட்டைச் செய்து ஐந்து நாளாக இணையத்தில் வைத்திருக்கிறான், எது அசல் என்று தெரியாமல் மூன்று ஆஸ்பத்திரியும் நிறுத்திவிட்டன, மதியம் பன்னிரண்டுக்குள் நிரூபிக்காவிட்டால் நாலு வருட வேலை வேறு குழுவுக்குப் போய்விடும் என்றாய். அப்போதுதான் சொன்னாய், "அந்த நாப்பது எழுத்து சாவி இல்ல சித்தப்பா, என் பூட்டோட அங்க அடையாளம். ஊரெல்லாம் தெரியணும்னுதான் மெயில்லயே போடுறேன். உங்க படத்துல இருக்கு, ஆனா படத்தை யாரும் திருத்தலாம்ங்கிறாங்க. துணிய அப்படியே வீடியோவுல காட்டுங்க, அந்தத் தேதி முத்திரையோட. போலி வர்றதுக்கு முன்னாடியே என்னுது ஊர்ல இருந்ததுன்னு அப்பதான் நம்புவாங்க." எனக்கு ஒரு பக்கம் உயிர் வந்தது, மறுபக்கம் போனது. மணி அப்போது பத்து.

தெருவே ஓடியது சுண்டு. தொட்டித் துண்டை எடுக்க மாடிக்கு ஏறினேன், ஒரே தாவு, உன் சித்தி ஏணியைப் பிடித்திருந்தாள் என்பது சின்ன விஷயம். மெக்கானிக் காருக்கு அடியில் இருந்தபடியே, "அண்ணே, நான் துணிக்கு மேல, காரு எனக்கு மேல, எத முதல்ல இழுக்குறீங்க?" என்றார். அவரையும் சேர்த்தே இழுத்தோம். முத்திரை மேல் கறுப்பு எண்ணெய். மச்சான் துடைக்கக் கையை நீட்டினார், அவர் கையைத் தட்டிவிட்டு உன் சித்தி சோப்பு நுரையால் குழந்தைக்கு முகம் கழுவுகிற மாதிரி கழுவினாள், தேதி பளிச்சென்று வந்தது. தார்ப்பாய் தைக்கிறவர் நாலையும் ஒட்டித் தைத்தார், பழையபடி பஸ் ஸ்டாப்பிலேயே கட்டினோம். "அவர் நாலு துண்டு தைக்கிறதுக்குள்ள நீங்க நாப்பது பொய் சொல்லிட்டீங்க" என்று உன் சித்தி சொன்னது உண்மைதான், வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் ராணுவத்தில் இருந்து கேட்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்தது நீயே பார்த்தாய், ஆனால் ஒன்றைப் பார்த்திருக்க மாட்டாய். எழுத்தை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கச் சொன்னார்கள் அல்லவா, இருபத்திமூன்றாவதைத் தையல் விழுங்கிவிட்டது. ஒன்பது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எனக்கு அளந்துவிடுவதா கஷ்டம்? ஆனால் உன் முகம் போனில் சின்னதாக ஒரு மூலையில் தெரிந்தது, அந்த ஒன்பதை நானும் விழுங்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பின்னால் இருந்து பழக்கடை அக்கா, "ஏழுண்ணே, ஏழு! பதினோரு நாள் அதுக்குக் கீழதான உக்காந்திருந்தேன், பஸ்ஸு வர்ற வரைக்கும் வேற என்னத்தப் படிக்கிறது!" என்று கத்தினார். அதற்குள் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் மிச்சத்தைக் கோரஸாகச் சொல்லி முடித்தார்கள். பன்னிரண்டுக்குள் நாற்பதும் ஒத்துப்போய்விட்டது, உன் குழுவினர் மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் ஜன்னலைச் சாத்த எழுந்தார் என்கிறாள் சித்தி. சாத்திவிட்டுத் தட்டினார்.

மச்சான் இப்போது, தான் அன்றைக்குச் சொன்னதால்தான் எல்லாம் நடந்தது என்று கடைக்கடையாகச் சொல்லித் திரிகிறார். பழக்கடை அக்காவுக்கு அவர் கடைப் பெயரில் பேனர் ஒன்று அடித்துக் கொடுத்தேன், அனுமதியோடு. நீ நேரத்துக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டர் முன்னால் கூன் போடாதே, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஊருக்குக் காட்டுகிற பூட்டு ஒன்று, உன்னிடமே வைத்துக்கொள்கிற சாவி ஒன்று என்றாய், அந்த இரண்டாவதை யாரிடமும் சொல்லாதே. முக்கியமாக என்னிடம் சொல்லாதே.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அன்று காலை போனில் முதலில் நீ அழுதாய், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்றாய். அதை நான் மச்சானிடம் சொல்லவில்லை, தெருவில் சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற உன் சித்தியிடம்கூடச் சிக்னல் சரியில்லை என்றுதான் சொன்னேன். அதை எந்தப் பேனரிலும் போட மாட்டேன். இந்தக் கடிதத்தையும் அவள் வருவதற்குள் ஒட்டிவிடுகிறேன், படித்ததும் கிழித்துவிடு, துண்டை யாருக்கும் கொடுக்காதே.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். சித்தி தன் ஆசீர்வாதத்தைப் போனில் தனியாகச் சொல்வாளாம், என் கையெழுத்தில் நம்பிக்கை இல்லையாம்.

உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த,
பேனர் கடைச் சித்தப்பா
(எட்டாம் வகுப்பு)