பாட்டிலில் கொட்டிய எலும்பு சிமெண்ட்

ஆஃபன்பாக், ஜெர்மனி
9-2-1982

அம்மாவுக்கு முனிரத்தினம் வணங்கி எழுதுவது. நான் சவுக்கியம். நைனாவுக்கு இடுப்பில் சீழ் இன்னும் வடியுதா? மறைக்காமல் எழுது.

நான் அனுப்பின பாக்கெட்டை, சாயப்பொடி மாதிரி நமுத்துப் போயிடும்னு பிரிச்சு ஹார்லிக்ஸ் பாட்டில்ல கொட்டி வெச்சேன்னு எழுதியிருந்தே. இன்னா வேலை அம்மா செஞ்சே? அது எலும்பு சிமெண்ட். கிருமியைக் கொல்ற மருந்து அதிலேயே கலந்திருக்கு. நைனா இடுப்புல வெச்சு சீழ் பிடிச்ச செயற்கை மூட்டை எடுத்துட்டு, புது மூட்டை இதை வெச்சுத்தான் பதிக்கணும். ஊசி மருந்து எட்டாத இடத்துல இது கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு வேலை செய்யும். ஆபரேஷன் தியேட்டர்லதான் பிரிக்கணும். வீட்டுல பிரிச்சா குப்பைதான்.

இன்னொண்ணு கேட்டு, தோல் மெஷின் ஃபேக்டரிக்கு லீவு போட்டு, ஆஸ்பத்திரி வாசல்ல மூணு நாள் நின்னேன். பனியில் வழுக்கி கை லேசா பிசகிடுச்சு, அதான் எழுத்து கோணல். நாலாம் நாள் ஒரு டாக்டர் மனசு இறங்கிக் குடுத்தார். இதுவும் வீணானா வேற வழி இல்லை. நைனா எழுந்து நடக்கவே மாட்டார்.

இந்தக் கடுதாசி கொண்டுவர்ற ஆம்பூர் ஹபீப் பாய்கிட்ட, பாக்கெட்டை உன் கையில் குடுக்காமல் நேரா வேலூர் டாக்டர்கிட்ட சேர்க்கச் சொல்லிட்டேன். கோவிச்சுக்காதே.

பாய் திரும்பும்போது நைனா கட்டின கைலி ஒண்ணு குடுத்தனுப்பு. துவைக்காமலே அனுப்பு. ஏர்போர்ட் போக பாய் வாசல்ல நிக்கிறார்.

முனிரத்தினம்