டேட்டா டிஸ்க் என்று எழுதிய கவர்

செவ்வாய்க்கிழமை. தாம்பரம், படுக்கப் போகுமுன்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து ஃபாக்டரியில் இன்று பழைய சர்வரில் புது லினக்ஸ் போட்டேன். இன்ஸ்டால் பண்ணுமுன் டேட்டா இருக்கிற டிஸ்கை உருவி வெளியே வைத்துவிட வேண்டும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிறவன் நான்தான். ஸ்டோர்ஸ் பார்க்கும் ஸ்டெல்லா அக்கா காலையிலேயே ஒரு கவரில் 'டேட்டா டிஸ்க்' என்று எழுதி மேஜைமேல் வைத்திருந்தார். "கழட்டினதும் இதுல போட்டுடுங்க சார்" என்றார்.

நான் கழற்றவே இல்லை. மூன்றரை மணி டிரெயினைப் பிடிக்கிற அவசரம். திரையில் ஒரே சைஸில் இரண்டு டிஸ்க் தெரிந்தன. முதலாவதைப் பழைய சிஸ்டம் என்று நினைத்து அழித்தேன். அதில்தான் அக்காவின் ஸ்டாக் விவரம் முழுக்க இருந்தது. பேக்கப் சனிக்கிழமையோடு நிற்கிறது. நேற்றும் இன்றும் போட்ட என்ட்ரியை அவர் மறுபடி அடிக்க வேண்டும்.

மேனேஜர் கேட்டபோது, "டிஸ்க் பழசு சார், இப்படித்தான் திடீர்னு போயிடும்" என்றேன். அவர் அக்கா பக்கம் திரும்பி, "பழசுன்னா முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அக்கா மேஜையில் அப்படியே கிடந்த கவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நாளைக்கு மேனேஜருக்குப் போன் பண்ணி... தெரியவில்லை.

யாரும் பார்க்காதபோது அந்தக் கவரை என் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன். இப்போதுதான் பிரித்தேன். டிஸ்க் அடிபடாமல் இருக்க, உள்ளே ஒரு பழைய கைக்குட்டையை நாலாக மடித்து வைத்திருக்கிறார்.