சுவரில் நிற்கிறவனின் வாளி

அன்புள்ள சுகந்தினிக்கு,

நான் நல்ல சுகம். உமது முழங்கால் வலி இப்போது எப்படி? பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா?

நான் துப்புரவு செய்துவந்த நகரசபைக் கட்டடத்தின் கூடத்தில் ஒரு பெரிய சுவரோவியம் இருக்கிறது. தொண்ணூறு வருடங்களுக்கு முன், இந்த நாடே வேலையில்லாமல் கிடந்தபோது அரசாங்கம் ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்து வரைவித்தது. மண் வெட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், வாளியுடன் ஒருவன். சென்ற வாரம் அதைப் புதுப்பித்துத் திறந்துவைத்தார்கள். கோட்டுப் போட்ட பெரியவர்கள் வைன் கிளாசுகளுடன் நின்று உழைப்பின் மேன்மையை ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறந்ததிலிருந்து கூட்டுகிற தும்புத்தடியைத் தொட்டிராத கைகள்!

அவர்கள் சிந்திய வைனைத் துடைக்க நான்தான் போனேன். எங்கள் மேற்பார்வையாளர் தியாகலிங்கம் அண்ணை ஓடிவந்தார்.

"தம்பி, வாளியை எடுத்துக்கொண்டு பின்னாலை போம். படம் எடுக்கப் போகினம், நீர் நிண்டால் வடிவில்லையாம்."

"சுவரிலை நிக்கிறவனும் வாளியோடைதானே அண்ணை நிக்கிறான். அவனையும் கூட்டிக்கொண்டு போகட்டோ?"

அவர் சிரிக்கவில்லை. நானும் நகரவில்லை. துடைத்து முடிக்கும்வரை அத்தனை பெரிய மனிதர்களும் வாய் மூடிக் காத்து நின்றார்கள்.

பயப்பட வேண்டாம், வேலை போகவில்லை. நகரத்துக்கு வெளியே, புவாண்ட்-கிளேர் என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்துக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே கதைக்க ஒருவரும் இல்லை.

ஒரு சின்ன உதவி. அங்கே பின்னேரம் என்றால் எனக்கு இங்கே காலை, பஸ்ஸில் இருப்பேன்; நீர் சமைக்கும்போது எனக்குப் போன் எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடும். நீர் ஒன்றும் சொல்ல வேண்டாம். சமைக்கிற சத்தம் கேட்டால் போதும்.

பஸ் வருகிறது.

உமது
கேதீஸ்வரன்