அங்கோஷ்தர் என்றால் மோதிரம்

மார்ச் 4

கண்ணம்மாவுக்கு,

அப்பா நலம். தையல் மெஷின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. போனில் நீ பேசுவது பாதி விழுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

கடைக்கு ஒரு பாரசீகக்கார அம்மாள் வருகிறார். கழுத்துப் பொத்தான் வைக்கச் சொல்லித் தன் கழுத்தைப் பிடித்துக் காட்டினார். "என்னம்மா, மூச்சு முட்டுதா?" என்று நான் தண்ணீர் கொண்டுவந்துவிட்டேன். உன் ஆஸ்பத்திரியில் அந்த மொழிக்காரர்கள் இருக்கிறார்களாமே, துணிமணிப் பெயர்கள் கேட்டு அனுப்பு.

அப்பா

மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. சட்டை பீராஹன். கால்சட்டை ஷல்வார். பொத்தான் தொக்மே. தலைத்துணி ரூசரி. பாக்கெட் ஜீப், நம் ஜேபிதான். உங்களுக்குத் தேவைப்படாது, ஆனாலும் இருக்கட்டும்: தோடு கூஷ்வாரே, மோதிரம் அங்கோஷ்தர்.

அந்த அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுங்கள் அப்பா. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்

ஏப்ரல் 2

கண்ணம்மா,

கடையை அரை நாளிலேயே பூட்டிவிட்டு எழுதுகிறேன்.

அந்த அம்மாள் இன்று வெள்ளைத் துணியும் ஓர் அளவுச் சட்டையும் கொண்டுவந்தார். மகனின் படத்தைக் காட்டினார். விரலைத் தொட்டு "அங்கோஷ்தர்" என்றார், சட்டையைத் தடவினார். மருமகள் வரப்போகிறாள் என்று புரிந்து நானும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

அளவெடுக்கச் சட்டையை உள்பக்கம் திருப்பினேன். இடது தோளில் இரட்டை மடிப்பு. உன் இடது தோள் சற்றுத் தாழ்வு என்று உனக்கு மட்டும் நான் வைக்கிற மடிப்பு. தலையில் இடி விழுந்த மாதிரி உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

என்னிடம் சொல்ல உனக்கு வாயில்லையா?

அப்பா

ஏப்ரல் 9

அப்பா,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. அவரை உங்கள் கடைக்கு அனுப்பியதே நான்தான். அவர் மகன் என்னோடு வேலை பார்க்கிறார். நீங்கள் யாரென்று அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. முதலில் நீங்கள் இருவரும் பழகட்டும், பிறகு நேரில் வந்து சொல்லலாம் என்றிருந்தேன். போன மாதம் மகனைப் பார்க்க இங்கே வந்த அந்த அம்மா அளவுக்கென்று என் சட்டையை எடுத்துப்போனது எனக்குத் தெரியாது.

நீங்கள் வேண்டாமென்று சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா?

உங்கள் மகள்

ஏப்ரல் 17

கண்ணம்மா,

கோபம் ஆறவில்லை. நீ வந்தால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டேன், அதற்கும் தயாராக வா.

துணியை வெட்டிவிட்டேன். தோள் மடிப்பும் வைத்தாயிற்று. தொக்மே கட்டுவது மட்டும் பாக்கி.

அடுத்த வாரம் அந்த அம்மாள் வாங்க வருவார். நீ அனுப்பியதில் சட்டை இருக்கிறது, மோதிரம் இருக்கிறது. "நான்தான் அந்தப் பெண்ணோட அப்பா" என்பதற்கு அவர்கள் மொழியில் என்ன சொல்ல வேண்டும்? அதற்குள் எழுதிப் போடு.

அப்பா